பொது சர்வரில் கோட்டா போடுகிறீர்களா? முதலில் கடைமடையைப் பாருங்கள்

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடைக்காரர் மடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டால் கடைமடையில் நாற்று காயும். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் 300 மாணவர்களுக்கான ஒரே லினக்ஸ் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன், அங்கேயும் இதேதான் நடந்தது. யாரோ நாலு பேர் வீடியோவும் விர்ச்சுவல் மெஷின் கோப்புகளுமாகக் குவித்ததில் டிஸ்க் நிறைந்துவிட்டது, அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு மாணவி புராஜெக்ட் ரிப்போர்ட்டை சேவ் செய்த நொடியில் அந்தக் கோப்பு பூஜ்யம் பைட் ஆகிப்போனது. சில எடிட்டர்கள் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் புதிதாக எழுதத் தொடங்கும், அந்த நேரத்தில் இடம் இல்லை என்றால் பழையதும் போச்சு, புதியதும் போச்சு. கோட்டா, அதாவது டிஸ்க்கில் ஆளுக்கு இவ்வளவு இடம்தான் என்ற வரம்பு, போடுவது அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், எண்களைத் தீர்மானிக்க அது உதவும்.

முதல் வேலை தடுப்பது இல்லை, அளப்பது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர், லினக்ஸில் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்று சில உண்டு. இஎக்ஸ்டி4 என்றால் அந்த டிஸ்க் பகுதியை (பார்ட்டிஷன்) அன்மவுன்ட் செய்துவிட்டு, அதாவது சிஸ்டத்திலிருந்து கழற்றிவிட்டு, டியூன்2எஃப்எஸ் கட்டளையால் கோட்டா வசதியை இயக்குங்கள். அதன் பிறகு மவுன்ட் ஆனதிலிருந்து யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு தானாக ஓடும், ஆனால் யாரையும் தடுக்காது. எதை எப்படி மவுன்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் யுஎஸ்ஆர்கோட்டா என்ற மவுன்ட் விருப்பத்தைச் சேர்த்து மவுன்ட் செய்தால் வரம்பு அமலுக்கு வரும். இந்த இடைவெளி ரொம்ப நல்ல விஷயம். இரண்டு வாரம் கணக்கை மட்டும் ஓடவிட்டு, ரெப்கோட்டா கட்டளை தரும் பட்டியலைப் பாருங்கள், நீங்கள் நினைத்த ஆள் ஒருவராகவும் உண்மையில் நிரப்பியவர் வேறொருவராகவும் இருப்பார். எக்ஸ்எஃப்எஸ் என்றால் யுகோட்டா விருப்பத்தை முதல் மவுன்ட்டிலேயே கொடுக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது ரீமவுன்ட் செய்து சேர்க்க முடியாது.

அடுத்தது எண்கள். 4 டிபி டிஸ்க் என்று வாங்கினாலும் கணினி எண்ணும் கணக்கில் 3.6 சொச்சம்தான் வரும், அதிலும் இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (சர்வரின் நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கி வைத்துவிடும். மிச்சத்தை 300 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 11 ஜிபி சொச்சம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாக நிரப்புவதில்லை, அதனால் நான் சாஃப்ட் வரம்பு 15 ஜிபி, ஹார்ட் வரம்பு 18 ஜிபி என்று வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் டிஸ்க்கைவிட அதிகம்தான், தெரிந்தேதான் செய்கிறேன், ஆனால் அப்படிச் செய்தால் மொத்த டிஸ்க்கின் நிலையையும் தினமும் பார்த்தே ஆக வேண்டும்.

சாஃப்ட், ஹார்ட் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கட்டாயம் விடுங்கள். சாஃப்ட் வரம்பைத் தாண்டினால் எழுதுவது நிற்காது, இடத்தைக் குறைத்துக்கொள்ளத் தரும் தவணையின் கடிகாரம்தான் ஓடத் தொடங்கும். தவணை முடிந்தும் இடத்தைக் குறைக்காவிட்டால் சாஃப்டே ஹார்ட் மாதிரி ஆகிவிடும். ஹார்டைத் தொட்டால் உடனே நிற்கும். இரண்டையும் ஒரே எண்ணாக வைத்தால் எச்சரிக்கையே இல்லாமல் மேலே சொன்ன பூஜ்யம் பைட் கதை ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக நடக்கும். தவணை இயல்பாக 7 நாள். பொங்கல் லீவுக்கு முந்தின நாள் ஒருவர் சாஃப்டைத் தாண்டிவிட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது தவணை முடிந்திருக்கும், பாவம். எட்கோட்டா கட்டளையில் அதை 14 நாளாக மாற்றிவிடுங்கள். இது ஆளுக்கு ஆள் வைக்கும் எண் இல்லை, அந்தக் கோப்பு முறைமை முழுவதற்கும் ஒன்றுதான்.

போடுவது செட்கோட்டா கட்டளையால். பயனர் பெயர், இடத்தின் சாஃப்ட், ஹார்ட், ஐநோடின் சாஃப்ட், ஹார்ட், கடைசியில் மவுன்ட் இடம், இந்த வரிசைதான். அளவு கேபி கணக்கில் போகும், அதாவது 15 ஜிபிக்கு 15728640, 18 ஜிபிக்கு 18874368. ஒரு மாணவருக்குச் சரியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, அவரை மாதிரியாக வைத்து மற்றவர்களுக்கு எட்கோட்டாவால் நகல் எடுக்கலாம், 300 தடவை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஐநோடு என்பது கோப்புகளின் எண்ணிக்கை. பைத்தான் என்விரான்மென்ட், நோடு பேக்கேஜ் என்று பிள்ளைகள் போட ஆரம்பித்தால் ஒரு ஜிபிக்குள்ளேயே பல்லாயிரம் சின்னக் கோப்புகள் சேர்ந்துவிடும், அதனால் இதற்கும் ஒரு வரம்பு வைத்துவிடுங்கள், தாராளமாகவே வைக்கலாம்.

என்எஃப்எஸ் வழியாக, அதாவது நெட்வொர்க் மூலம், லேப் கணினிகளுக்கு மாணவர்களின் ஹோம் ஃபோல்டர் போகிறது என்றால் கோட்டா வேலை எல்லாமே சர்வர் பக்கம்தான். மாணவர் தன் மெஷினில் தன் கணக்கைப் பார்க்க சர்வரில் ஆர்கோட்டாடி சேவை ஓட வேண்டும்.

இனி புகார்கள். அதிகமாக வருவது இதுதான்: "சார், பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், ஸ்கிரீன் மறுபடி லாகின்லயே வந்து நிக்கி." பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் கோட்டாவைப் பாருங்கள். டெஸ்க்டாப் திறக்கும்போது ஹோமில் சின்னச் சின்னக் கோப்புகள் எழுத வேண்டும், அதற்கு இடமில்லாமல் திரும்பி வந்திருக்கும். அடுத்து, "எல்லாத்தையும் அழிச்சிட்டேன், குறையவே இல்ல" என்பார்கள். குப்பைத்தொட்டிக்குப் போன கோப்பும் அவர் கணக்கில்தான் இருக்கும், அதைக் காலி செய்யச் சொல்லுங்கள். அதுவும் செய்தாகிவிட்டது என்றால், அழித்த கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கும், அது மூடும்வரை இடம் திரும்பாது.

கோட்டா எண்ணுவது கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை இல்லை, யார் உரிமையாளர் என்பதைத்தான். நீங்கள் ரூட்டாக இருந்து ஒருவருடைய ஹோமில் நகலெடுத்துப் போட்டு உரிமையை மாற்றாவிட்டால் அது அவர் கணக்கில் ஏறாது. இதனாலேயே நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட் ஃபோல்டருக்குப் பயனர் கோட்டா பொருந்தாது. அதற்கு புராஜெக்ட் கோட்டா என்று தனியாக உண்டு, யார் எழுதினாலும் ஃபோல்டருக்கு மொத்தம் இவ்வளவு என்று நிற்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இருக்கிறது, லினக்ஸ் கெர்னல் 4.5 முதல் இஎக்ஸ்டி4-லும் இருக்கிறது.

கூடுதல் இடம் கேட்டு வந்தால் கொடுங்கள், ஆனால் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி வரை என்று ஒரு நோட்டில் எழுதிவிட்டுக் கொடுங்கள், தேதி வந்ததும் இறக்கிவிடுங்கள். நம்ம ஊர்ப் பையன், தெரிந்த அண்ணாச்சி மகன் என்று வாய்ச்சொல்லில் ஏற்றிவிட்டால் அடுத்த வருஷம் அது யாருக்கும் நினைவிருக்காது, அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காமலே போகும். ஆசிரியர்களுக்கு எண் பெரிதாக இருக்கட்டும், வரம்பே இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

வரம்பு தாண்டியவர்களுக்கு வார்ன்கோட்டா கட்டளை மெயில் அனுப்பும், ஆனால் கல்லூரி மெயிலை எந்த மாணவர் திறக்கிறார்? லாகின் ஸ்கிரிப்டில் கோட்டா கட்டளையைச் சேர்த்து, வரம்பு தாண்டியிருந்தால் டெர்மினலைத் திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்தேன், அதற்கப்புறம் அவர்களே வந்து கேட்கிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் கடைசி வருட மாணவர்கள் போனதும் ரெப்கோட்டாவை ஒருமுறை ஓட்டுங்கள். பெயருக்குப் பதிலாக வெறும் எண் நிற்கும் வரிகள் தெரியும். அவை கணக்கை அழித்தபிறகும் கிடக்கிற கோப்புகள். அவற்றை எடுத்து வைக்காமல் அதே யுஐடி எண்ணை (பயனரை சிஸ்டம் அடையாளம் காணும் எண்) புதுப் பிள்ளைக்குக் கொடுத்தால், சேர்ந்த முதல் நாளே அவர் கணக்கில் யாரோ ஒருவருடைய 14 ஜிபி ஏறி நிற்கும். ஜூன் மாதம் அட்மிஷன் பட்டியல் வருவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.