விமானம் ஏறும் முன் ஒரு நாசி லெமாக்

கோலாலம்பூர் விமான நிலையத்தில், டெர்மினல் 2 என்றால், குடிநுழைவைத் தாண்டும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வெளியே கேட்வே மாலில் நிறைய கடைகள் உண்டு. உள்ளே போனால் அவ்வளவு கிடைக்காது. நான் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன்.

நாசி லெமாக் கேளுங்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றில் பாண்டான் இலை மணக்க வேண்டும். நெத்திலி பல்லில் மொறுமொறுவென உடைய வேண்டும். சம்பாலை, அதாவது மிளகாய் விழுதை, முதலில் நுனிநாக்கில் தொட்டுப் பாருங்கள். நல்ல சம்பால் இனிப்பாகத் தொடங்கி, அப்புறம்தான் உறைக்கும். அதற்குப் பிறகு சோற்றோடு பிசையுங்கள். நீண்ட பயணம் என்றால் சம்பாலைப் பாதியோடு நிறுத்துவது வயிற்றுக்கு நல்லது.

கூடவே தே தாரிக், அதாவது நுரை வர இழுத்து ஆற்றிய பால் தேநீர். இனிப்பு குறைய வேண்டுமா, 'கூராங் மானிஸ்' என்று சொல்லுங்கள். சம்பால் போத்தல் வாங்கினால் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.