‘சேர்க்கப்பட வேண்டும்’ சரி, யார் சேர்ப்பது?

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. பால்வெட்டும் அண்ணாச்சி லீவில் போன வாரம், மாற்றுக்கு வந்த பையனுக்காக ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கும் முறையை எழுதி ரோலர் இருக்கும் ஷெட்டில் ஒட்டினேன். ‘பால் வடிகட்டப்பட்டு, தண்ணீர் கலக்கப்பட்டு, ஆசிட் சேர்க்கப்பட வேண்டும்.’ படிக்கக் கெத்தாகத்தான் இருந்தது. மத்தியானம் போய்ப் பார்த்தால் டிஷ்ஷில் பால் பாலாகவே கிடக்கிறது. “ஆசிட் நீங்க வந்து ஊத்துவீங்கன்னு நெனச்சேன் அண்ணே” என்றான். அவன்மேல் தப்பில்லை, என் வாக்கியத்தில் ஆளே இல்லை. செய்முறை எழுதும்போது இப்படி ‘படு’ போட்ட செயப்பாட்டுவினையைத் தவிர்க்க நான் செய்வது இது:

1. எழுதியதை போனில் நோட்ஸில் வைத்து ‘ப்பட’ என்று தேடுங்கள். (எனக்கு இது போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.) புறப்படு, கட்டுப்படு எல்லாம் சேர்ந்து வரும், விடுங்கள். மற்றதையெல்லாம் செய்வினையாக்குங்கள்.

2. முன்னிலையில் எழுதுங்கள். வரிக்கு வரி ‘நீங்கள்’ தேவையில்லை, ‘வடிகட்டுங்கள்’ என்றாலே ஆள் உள்ளே இருக்கிறார். ‘நாம் ஊற்றுவோம்’ என்பது பக்கத்தில் நின்று செய்து காட்டும்போது சரி, சுவரில் ஒட்டினால் மறுபடியும் ‘யாரு, நாமா?’ என்ற கேள்விதான். நேரில் அந்தப் பையனிடம் “ஊத்து மக்களே” என்பேன் (எங்களூரில் ஒரே ஆளையும் பாசமாக அப்படித்தான் கூப்பிடுவோம்). அந்தப் பிரியம் தாளில் வராது, வெறும் ‘ஊற்று’ அதட்டலாகத்தான் நிற்கும். போதாததற்கு அதே தாளை என்னைவிட மூத்த அண்ணாச்சியும் வாசிக்க வேண்டும்.

3. நான் சறுக்கிய இடம் இதுதான். ‘ஆசிட்டும் தண்ணீரும் கலக்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் ஆள் மட்டுமல்ல, எது முதலில் என்பதும் காணாமல் போகிறது. ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் சூடேறி முகத்தில் தெறிக்கலாம். இப்போது இப்படி இருக்கிறது: ‘முதலில் வாளியில் தண்ணீர் எடுங்கள். அதில் ஆசிட்டை மெல்ல ஊற்றுங்கள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.’

4. செய்பவர் யாராக இருந்தாலும் கவலையில்லை என்றால் ‘படு’ இருக்கட்டும். ‘ஞாயிற்றுக்கிழமை ஷெட் பூட்டப்பட்டிருக்கும்’. யார் பூட்டினால் என்ன?

பின்சேர்க்கை: ‘ஊற்றவும், எடுக்கவும் என்று எழுதினால் போதாதா, மரியாதையும் வருமே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியும் எழுதிப் பார்த்தேன். ‘ஆசிட்டை ஊற்றவும் நுரையை வழித்தெடுக்கவும்’. இதில் முதல் ‘ஊற்றவும்’ கட்டளையா, ‘ஊற்றிய உடனே’ என்ற பொருளா? நம்மூரில் ‘மழை பெய்யவும் கரண்ட் போச்சு’ என்றுதானே பேசுகிறோம். ‘வும்’தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் முற்றுப்புள்ளி வைத்துத் தனி வரியில் எழுதுங்கள். நான் ‘ஊற்றுங்கள்’ பக்கம்தான்.