39 அடி எங்கே எழுதியிருக்கிறது? இரத்தமும் பாவநிவிர்த்தியும் பற்றி நாம் செய்யும் தவறுகள்

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் தப்பாமல் வந்துவிடும் ஒரு கணக்கு உண்டு: இயேசுவுக்கு விழுந்த சாட்டையடி 39. சின்ன வயதில் நானும் அதை அப்படியே நம்பினேன். நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள், அந்த எண் கிடைக்காது. 'ஒன்றுகுறைய நாற்பதடி' என்று 2 கொரிந்தியர் 11:24-இல் பவுல் சொல்வது, தான் பட்ட அடியைப் பற்றி. அது யூதர்கள் கொடுத்த தண்டனை. நாற்பதைத் தாண்டக் கூடாது என்று உபாகமம் 25 வரம்பு போட்டிருந்தது. இயேசுவை அடித்தவர்களோ ரோமப் போர்ச்சேவகர்கள். அவர்களை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது.

எண்ணை விடுங்கள், அது சின்னப் பிழை. எவ்வளவு இரத்தம் கொட்டியதோ, எவ்வளவு வலித்ததோ, அவ்வளவு மீட்பு என்று நினைப்பதுதான் பெரிய பிழை. சுவிசேஷங்கள் அப்படி எழுதப்படவில்லை. சிலுவையில் அறைந்தார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆணி என்ற சொல்லே உயிர்த்தெழுதலுக்குப் பிறகு சீடர் தோமாவின் வாயில்தான் வருகிறது. ரோமர் 5:9-இல் 'இரத்தத்தினாலே' என்று எழுதும் பவுல், அடுத்த வசனத்திலேயே அதே விஷயத்தை 'மரணத்தினாலே' என்கிறார். இரத்தம் என்றால் கொடுக்கப்பட்ட உயிர். 'மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது' என்ற லேவியராகமம் 17:11 தான் இதற்கெல்லாம் வேர்.

அந்த வசனத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நம் ஊரில் பாவநிவிர்த்தி என்று கேட்டதும் மனது 'பரிகாரம்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. தப்பு செய்தவன் செலவு செய்து, கோபித்துக்கொண்ட தெய்வத்தைச் சாந்தப்படுத்துவது பரிகாரம். கிடா வெட்டும் கோயில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது இயல்பாக வரும் எண்ணம். ஆனால் எபிரேய மூலத்தில் அந்த வசனத்தில் கடவுள் பேசும் வினைச்சொல் 'உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்' என்பது. பலிபீடத்தில் தெளிக்கும் இரத்தம் மனிதன் கடவுளுக்குக் கட்டும் அபராதம் இல்லை; கடவுளே மனிதன் கையில் கொடுத்த வழி. ரோமர் 3:25-உம் அதே திசையில்தான் போகிறது: கிறிஸ்துவைக் 'கிருபாதாரபலியாக' ஏற்படுத்தியவர் கடவுளே. அங்கே வரும் ஹிலாஸ்தேரியோன் என்ற கிரேக்கச் சொல், எபிரெயர் 9:5-இல் உடன்படிக்கைப் பெட்டியின் மேலிருந்த கிருபாசனத்தைக் குறிக்கிறது. ஆகவே, கோபக்காரப் பிதா, நடுவில் விழுந்து தடுத்த குமாரன் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் பிரசங்கம் கேட்க உருக்கமாக இருக்கலாம், ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே கடவுள் என்ற திரித்துவத்தையே இரண்டாக உடைக்கிறது.

அப்புறம், எல்லாப் பலியையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவது. யாத்திராகமம் 12-இன் பஸ்கா ஆட்டுக்குட்டி பாவநிவாரண பலி இல்லை. அதன் இரத்தத்தை ஈசோப்பு என்ற செடியின் கொழுந்தால் வாசல் நிலைகளில் பூசினார்கள், இறைச்சியைச் சுட்டுச் சாப்பிட்டார்கள். அது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து கிடைத்த விடுதலையின் விருந்து. பாவநிவிர்த்தி நாளுக்கு லேவியராகமம் 16 கேட்பது இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களை. ஒன்றைக் கொன்று அதன் இரத்தத்தைத் ஆசரிப்புக் கூடாரத்தின் திரைக்கு உள்ளே கொண்டுபோய்த் தெளித்தால், ஜனங்களின் அசுத்தத்திலிருந்து பரிசுத்த ஸ்தலமே சுத்தமாகிறது. பிரதான ஆசாரியன் ஆரோன் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து பாவங்களை அறிக்கையிடுவது இன்னொரு கடாவின்மேல். அதுதான் போக்காடு. பாவத்தைச் சுமக்கும் அந்த ஆட்டை யாரும் வெட்டுவதில்லை. உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல்முறை இதைக் கவனித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'இரத்தஞ்சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு உண்டாகாது' என்று எபிரெயர் 9:22-ஐப் பாதியிலிருந்து மேற்கோள் காட்டுவது இன்னொரு பழக்கம். முன்பாதியில் 'கொஞ்சங்குறைய' என்று ஒரு சொல் இருக்கிறது. விதிவிலக்கு உண்டு என்று நிருபத்தை எழுதியவருக்குத் தெரியும். ஆடு வாங்க வசதியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம். அதுவும் முடியாதவன் எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய இரண்டு லிட்டர், கொண்டுவந்தால் போதும் என்கிறது லேவியராகமம் 5:11. அவனுக்கும் மன்னிப்பு உண்டு.

சரி, கிறிஸ்து தம் உயிரை மீட்கும்பொருளாகக் கொடுத்தார் என்றால் அந்த விலை யாருக்குப் போனது? பிசாசுக்கு என்று மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஒரிகேன் காலத்திலிருந்தே சிலர் விளக்கினார்கள். நான்காம் நூற்றாண்டில் நசியான்சுவின் கிரிகோரி என்ற ஆயர் இதே கேள்வியைக் கேட்டு, பிசாசுக்கு என்பதை அவமானம் என்று தள்ளினார். ஆபிரகாம் பலியிடத் துணிந்த மகன் ஈசாக்கையே ஏற்காத பிதாவுக்கா என்று அதையும் மடக்கினார். 1098 வாக்கில் கான்டர்பரி பேராயர் அன்செல்ம், மனிதன் கடவுளுக்குத் தர வேண்டிய கனத்தைக் கிறிஸ்து ஈடுசெய்தார் என்றார். நமக்குப் பதிலாகத் தண்டனை ஏற்றார் என்பதைச் சீர்திருத்தக்காரர்கள் அழுத்திச் சொன்னார்கள். இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் கள்ள உபதேசம் என்பவர்கள், ஞாயிறுதோறும் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணத்தைக் கவனிக்கட்டும். 'நமக்காக' என்பதோடு அது நின்றுவிடுகிறது. எப்படி என்று விளக்கவில்லை.

வண்டிக் கண்ணாடியில் 'இயேசுவின் இரத்தம் ஜெயம்' என்று ஒட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தச் சொற்களைத் தாயத்துபோல் நினைத்து, இத்தனை முறை சொன்னால் விபத்து வராது என்று கணக்குப் போடக் கூடாது.

இவற்றில் உயிர்களைக் காவு வாங்கிய தவறு ஒன்று உண்டு. 'இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக' என்று மத்தேயு 27:25-இல் கூட்டம் கத்துவதைக் காட்டி, யூத இனம் முழுவதையும் பல நூற்றாண்டுகள் வேட்டையாடினார்கள். அந்தப் பழியை எல்லா யூதர்மேலும் சுமத்த முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1965-இல் வெளிப்படையாக அறிவித்தது. அந்தக் கூச்சலுக்கு ஒரு அதிகாரம் முன்னால், அதே மத்தேயுவில், இயேசு பாத்திரத்தை எடுத்து 'பாவமன்னிப்புண்டாகும்படி அநேகருக்காகச் சிந்தப்படுகிற' தம் இரத்தம் என்று சொல்லிக் கொடுக்கிறார். அன்று அந்தப் பந்தியில் உட்கார்ந்து வாங்கிக் குடித்த அத்தனை பேரும் யூதர்கள்.