ஃபிக்மாவில் ஒரே பட்டனை எல்லாப் பக்கத்துக்கும் பயன்படுத்துவது எப்படி?

ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் காம்போனென்ட் என்பது ஒருமுறை செய்து பல இடங்களில் நகலாகப் போடும் மூல வடிவம்; மூலத்தை மாற்றினால் நகல்களும் மாறும். அந்த வேலையைப் பட்டனில் தொடங்குங்கள். ஒரு தளத்தில் அதிகம் திரும்ப வருவது அதுதான்.

முதலில் எழுத்தை மட்டும் டைப் செய்யுங்கள்: அளவு 16, வரி உயரம் 24. அதைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + ஏ அழுத்தினால் எழுத்துக்கேற்பத் தானே நீளும் சட்டமான ஆட்டோ லேஅவுட் வந்துவிடும். மேலும் கீழும் 12, பக்கவாட்டில் 24 பேடிங் (எழுத்தைச் சுற்றிய இடைவெளி) கொடுங்கள். மொத்த உயரம் 48 பிக்சல், விரலுக்குத் தாராளம். செவ்வகம் வரைந்து அதன்மேல் எழுத்தை வைக்கிற பழக்கம் வேண்டாம். ‘வாங்கு’ என்பது ‘கூடையில் சேர்க்கவும்’ என்று மாறினால் செவ்வகம் நீளாது, எழுத்து வெளியே வழியும். தமிழ்த் தளங்களில் இந்தத் தொல்லை அதிகம்.

நிறத்தை ஸ்டைலாகச் சேமித்துப் பூசிவிட்டு, கன்ட்ரோல் + ஆல்ட் + கே அழுத்துங்கள். மேக்கில் கமாண்ட் + ஆப்ஷன் + கே. காம்போனென்ட் தயார்.

வேரியன்ட், அதாவது ஒரே பட்டனின் வெவ்வேறு நிலைகள், மூன்று போதும்: சாதாரணம், ஹோவர் (மவுஸ் மேலே வரும்போது), முடக்கியது. ஐகான் உண்டா இல்லையா என்பதற்குத் தனி வேரியன்ட் போட்டால் மூன்று ஆறாகும். இரண்டு அளவும் சேர்ந்தால் 12. ஐகானுக்குப் பூலியன் ப்ராபர்ட்டியே (ஆன்/ஆஃப் சுவிட்ச்) சரி. எல்லா வேரியன்ட்டிலும் எழுத்து லேயருக்கு ஒரே பெயர் இருக்கட்டும். இல்லையென்றால் வேரியன்ட்டை மாற்றும்போது நீங்கள் தட்டிய வாசகம் காணாமல் போகலாம்.

மூலத்தை மாற்றியும் ஒரு பக்கம் மட்டும் அசையவில்லையா? லேயர் பட்டியலைப் பாருங்கள். வைர வடிவக் குறி இருந்தால், யாரோ அங்கே நிறத்தைக் கையால் மாற்றியிருப்பார்கள், ரீசெட் கொடுங்கள். குறியே இல்லையென்றால் டிடாச் செய்துவிட்டார்கள், அதாவது மூலத்தோடு இருந்த தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள். அதை அழித்துப் புது நகலைப் போடுவதுதான் வேகமான வழி.