டியூடர் நாவல்: வாசிப்பு வட்டத்துக்கு எதை எடுப்பது?

டியூடர் வம்சத்து இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்து நாவல் என்றதும் பலரும் நேரே ஹிலாரி மாண்டலின் ‘வுல்ஃப் ஹால்’ பக்கம் போவார்கள். 2009இல் புக்கர் வாங்கியது, அருமையானது; ஆனால் 650 பக்கம். நீளத்தைவிட ஆளைத் தடுமாற வைப்பது ‘ஹி’ (அவன்) என்ற சொல்தான். யார் என்று குழம்பினால், அது பெரும்பாலும் கதாநாயகன், ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். போதாக்குறைக்கு கதையில் வரும் உல்சி, மோர், கிரான்மர், வயட் எல்லாருமே தாமஸ்! பெயர், பதவி, யாருக்கு யார் உறவு என்று அரைப் பக்கம் எழுதி முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதமாகப் பிரித்துப் படிப்பது நல்லது.

ஒரே மாதம்தான் என்றால் சி. ஜே. சான்சமின் ‘டிஸ்ஸொல்யூஷன்’. 1537, இழுத்து மூடப்படவிருக்கும் ஒரு மடம், அதற்குள் ஒரு கொலை. துப்பறியும் கதை என்பதால் வரலாறு தெரியாதவரும் முடித்துவிடுவார்.

காரசாரமான பேச்சு வேண்டுமா? ஃபிலிப்பா கிரெகரியின் ‘தி அதர் பொலின் கேர்ள்’. அதில் மேரி, ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலினுக்குத் தங்கை; வரலாற்றாசிரியர் பலர் அக்காள் என்கிறார்கள். இந்த அக்காள்-தங்கை விவகாரத்தை, எல்லாரும் நாவலைப் படித்து முடித்தபிறகு எடுங்கள். முன்பே சொன்னால் கதையை விட்டுவிட்டுத் தப்புக் கண்டுபிடிக்கத்தான் உட்காருவார்கள்.