புளியங்கொட்டை போக்கர்: விலை கேட்டு ஆடுவது எப்படி

இது போக்கர் விதிகளைச் சொல்லித் தரும் கட்டுரை இல்லை. ஜோடியைவிட மூன்று ஒரே சீட்டு பெரிது, அதைவிட ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து) பெரிது, அதையும் விட ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து) பெரிது என்பதெல்லாம் தெரிந்தும், ராத்திரி முடிவதற்குள் கை காலியாகிப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆட்டம் டெக்ஸாஸ் ஹோல்டெம். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதல் மூன்றும் சேர்ந்து ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். நான் தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும் ஜமுக்காளம் விரித்து ரம்மி போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டு மேசைக்குப் புதிதாக வருகிறவர்களும் பெரும்பாலும் ரம்மிக்காரர்கள்தான். அவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

முதலில் மேசை. காசு வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றியச் சட்டத்துக்குப் பிறகு இணையத்தில் பணம் கட்டி ஆடுவதற்கு இங்கே இடமில்லை. வீட்டிலும் காசு வைத்து ஆடச் சொல்ல மாட்டேன். ஆளுக்கு 200 புளியங்கொட்டை, பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டுவது) 1, 2 என்று வையுங்கள். பெரிய பிளைண்டைப் போல நூறு மடங்கு கையில் இருந்தால்தான் டர்ன், ரிவர் வரை யோசித்து ஆட முடியும். 20 கொட்டையோடு உட்கார்ந்தால் இரண்டாவது பந்தயத்திலேயே எல்லாம் உள்ளே போய்விடும். ஆனால் கொட்டைதானே என்ற அலட்சியம் வந்தால் ஆட்டமே கெட்டது. எங்கள் வீட்டில் கடைசியில் குறைவாக வைத்திருப்பவர் அத்தனை பேருடைய காபி டம்ளரையும் கழுவ வேண்டும். இந்த ஒரு விதி வந்ததிலிருந்து என் மச்சினர்கூட சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கட்டுகிறார்.

ரம்மியில் 13 சீட்டு வருகிறது. மோசமான கையாக இருந்தாலும் எடுத்துப் போட்டு, எடுத்துப் போட்டு ஒழுங்குபடுத்தலாம். முதலிலேயே ட்ராப் செய்தால் 20 புள்ளி தண்டம். அதனால் ரம்மிக்காரருக்குச் சீட்டைக் கீழே வைக்க மனசு வராது. ஹோல்டெமில் நிலைமை தலைகீழ். கையில் வந்த இரண்டும் கடைசி வரை அதே இரண்டுதான், எதையும் மாற்ற முடியாது. பிளைண்ட் கட்டாத இடத்தில் இருந்தால் மடிப்பதற்குச் செலவே கிடையாது. ஜோடி இல்லாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு ஃப்ளாப் பார்த்தால், சுமார் மூன்றில் இரண்டு தடவை ஒரு ஜோடிகூட அமையாது. ஆகவே எட்டு ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் பத்துக் கைக்கு எட்டை மடியுங்கள். நாலைந்து பேர் என்றால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

எதை மடிப்பது? இங்கேதான் சண்டை வரும். 7-2 என்றால் எல்லோரும் மடித்துவிடுவார்கள். “ஏஸ் இருக்கே” என்று ஏஸ்-4ஐப் பிடித்துக்கொண்டு போவதுதான் வினை. ஃப்ளாப்பில் ஏஸ் வந்ததும் நீங்கள் சந்தோஷமாகக் கட்டுவீர்கள். உங்களுக்குப் பதில் கட்டப்போவது யார்? ஏஸ்-ராஜாவோ ஏஸ்-ஜாக்கியோ வைத்திருப்பவர். அவரைவிடக் கீழான கை அனேகமாக மடிந்துபோயிருக்கும். சின்ன பாட் (நடுவில் சேர்ந்த கொட்டை) ஜெயித்து, பெரிய பாட் தோற்கிற சீட்டு அது. “ரெண்டும் ஆர்ட்டின்” என்பது இன்னொரு மயக்கம். ஒரே இனமாக இருப்பதால் ஒரு கையின் பலம் நூற்றுக்கு மூன்று போலத்தான் கூடுகிறது. ராஜா-5 இரண்டும் ஆர்ட்டினாக வந்தாலும் அது ராஜா-5தான்.

உட்காரும் இடத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. டீலர் பட்டன் (கைக்குக் கை ஒருவர் தள்ளி நகரும் டீலர் அடையாளம்) உங்களிடம் இருந்தால் ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுவது நீங்கள்; மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஏஸ்-10ஐ நிறைந்த மேசையில் முதல் ஆளாக இருந்தால் மடிக்கிறேன். பட்டனில், எனக்கு முன்னால் எல்லோரும் மடித்திருந்தால், ரைஸ் பண்ணுகிறேன், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறேன்.

இனி விலை. கத்திரிக்காய்கூட விலை கேட்காமல் வாங்காதவர்கள், மேசையில் எதிராளி கட்டியதும் “பார்த்துடலாம்” என்று கொட்டையைத் தள்ளுகிறார்கள். கால் பண்ணுவது, அதாவது அவர் கட்டியதற்குச் சமமாகப் போடுவது, வாங்குவதுதான். ஒரு கையை எடுத்துக்கொள்வோம்.

உங்களிடம் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் 9. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 4, கிளாவர் 7. இன்னொரு ஆர்ட்டின் வந்தால் ஃப்ளஷ். பாட்டில் 20 இருக்கிறது, எதிராளி 10 கட்டுகிறார். நீங்கள் 10 போட்டால் மொத்தம் 40. அதில் உங்கள் பங்கு கால்வாசி. அதாவது நூற்றுக்கு 25 தடவை ஜெயித்தால் நட்டமில்லை. நீங்கள் பார்க்காத சீட்டு 47, அதில் ஆர்ட்டின் 9. அடுத்த சீட்டிலேயே வர 19 சதவீதம், இரண்டு சீட்டும் பார்த்தால் 35. மேசையில் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம்: உதவுகிற சீட்டை எண்ணி, இரண்டு சீட்டு பாக்கி என்றால் நாலால் பெருக்குங்கள், ஒன்று பாக்கி என்றால் இரண்டால். 9க்கு 36, 18. போதும்.

19 என்பது 25ஐவிடக் குறைவாயிற்றே, பிறகு ஏன் கால் பண்ண வேண்டும்? ஃப்ளஷ் அமைந்தால் அதன்பிறகு அவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கலாம். அவரிடம் இருப்பது ராஜா ஜோடி மட்டும் என்றால் ஏஸ் வந்தாலும் உங்களுக்கு உதவலாம். ஆகவே 10 நல்ல விலை. அவர் 20 கட்டினால்? 20 போட்டு 60, அதாவது 33 வேண்டும். அந்த 20தான் அவருடைய கடைசிக் கொட்டை என்றால் இரண்டு சீட்டும் இலவசமாகப் பார்க்கலாம், 35 இருக்கிறது, போடுங்கள். அவர் முன்னால் இன்னும் குவியல் இருந்தால் டர்னில் மறுபடி கட்டுவார், அப்போது 35 உங்களுடையதில்லை. ஒரே 20 கொட்டை, ஒரே சீட்டு. எதிராளியிடம் மிச்சம் எவ்வளவு என்பதில் பதில் மாறுகிறது.

சரி, 10க்கு கால் பண்ணினீர்கள், டர்னில் உதவாத சீட்டு. பாட் 40, இப்போது 40 கட்டுகிறார். 40 போட்டு 120, மறுபடி 33 தேவை. கையில் இருப்பது 20க்குக் கொஞ்சம் கீழே. மடியுங்கள். ஏற்கெனவே போட்ட 10 உங்களுடையது இல்லை, அது பாட்டின் சொத்து. கணக்கு எழுதுகிறவனுக்கு இது சுலபம். போட்ட காசை விட மனசில்லாதவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

பிளஃப் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. இதற்கும் விலை உண்டு. 20 உள்ள பாட்டில் 10 கட்டிப் பொய் சொன்னால், மூன்றில் ஒரு தடவை எதிராளி மடித்தால் போதும். அப்படியானால் மடிக்கத் தெரிந்தவரிடம்தான் சொல்ல வேண்டும். 2003 உலகப் போக்கர் தொடரின் பிரதான ஆட்டத்தில் 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் வென்ற கிறிஸ் மணிமேக்கர் அப்போது ஒரு கணக்காளர் (எங்கள் தொழிலுக்கு அப்படி ஒரு பெருமை). கடைசியில் எஞ்சிய இருவரில் ஒருவராக, கையில் ஒன்றும் அமையாமல் வெறும் ராஜாவோடு, ரிவரில் தன்னிடம் இருந்ததையெல்லாம் தள்ளினார். எதிரே சாமி ஃபார்ஹா, 9 ஜோடியை மடித்துவிட்டார். ஃபார்ஹா அனுபவசாலி, அதனால் மடித்தார். எங்கள் பெரியப்பாவாக இருந்தால் “என்னதான் வச்சிருக்க, காட்டு” என்று கொட்டையைத் தள்ளியிருப்பார். பெரியப்பாக்களிடம் பிளஃப் வேண்டாம். நல்ல கை வரும்போது வழக்கத்தைவிடப் பெரிதாகக் கட்டுங்கள், அவர்களே கொடுப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு நோட்டில் இரண்டு மூன்று கைகளை எழுதுங்கள். ஜெயித்தேன், தோற்றேன் என்பது வேண்டாம். பாட் எவ்வளவு, கேட்ட விலை எவ்வளவு, அவரிடம் என்ன இருக்கும் என்று நினைத்தேன், கடைசியில் என்ன காட்டினார். இந்த நாலு போதும். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். வந்தாலும் ஏதோ ஒரு கை வைத்திருக்கும் ஒற்றை எதிராளியிடம் ஏறக்குறைய ஏழில் ஒரு தடவை தோற்கும். ஐந்து பேரை உள்ளே விட்டால் ஜெயிப்பது பாதிக்குப் பாதிதான். “ஏஸ் ஜோடி எனக்கு ராசியில்லை” என்கிறவர்களின் நோட்டைப் பார்த்தால், முதலில் ரைஸ் பண்ணாமல் எல்லோரையும் மலிவாக உள்ளே விட்டிருப்பார்கள். பெரிய பாட் தோற்ற கையோடு அடுத்த கையை ஆடாதீர்கள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஆள் கிடைக்காத நாளில் தனியாக: எல்லாச் சீட்டும் முகம் தெரிய இரண்டு கை, ஒரு ஃப்ளாப் போடுங்கள். பின்தங்கிய கைக்கு உதவும் சீட்டு எத்தனை என்று வாய்விட்டு எண்ணி, நாலால் பெருக்கி, பிறகு டர்ன், ரிவர் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் போதும். எண்ணுவது தடுமாறாமல் வருகிற வரை மேசையில் பிளஃபைத் தொடவே வேண்டாம்.