யூத இசையையும் முஸ்லிம் இசையையும் சேர்த்துப் படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கலாம்

யூத இசை, முஸ்லிம் இசைனு ரெண்டு ஃபோல்டர் போட்டு ஆரம்பிச்சீங்கன்னா அங்கயே மாட்டிக்குவீங்க. மதத்தை விடுங்க, ஒரு ஊரை எடுத்துக்கங்க. ஈராக்ல பாக்தாத், சிரியால அலெப்போ, துருக்கில எதிர்னே, எதுவா இருந்தாலும் சரி, ஒண்ணு போதும். அலெப்போ யூதர் பாட்டுக்கு மொராக்கோ யூதர் பாட்டைவிட அலெப்போ முஸ்லிம் பாட்டுதான் நெருங்கின சொந்தம்.

என் சாய்ஸ் பாக்தாத், ஏன்னா ரெக்கார்டிங் இருக்கு. 1932ல கெய்ரோல அரபு இசை மாநாடு நடந்துச்சு, ஈராக் சார்பா போன பாடகர் முகமது அல் குபாஞ்சி முஸ்லிம், கூட வாசிச்சவங்க பெரும்பாலும் யூதர்கள். யார் எந்த மதம்னு தேடாம மொதல்ல கேளுங்க, சாந்தூரும் (குச்சியால தட்டி வாசிக்கிற தந்தி வாத்தியம்) ஜோஸாவும் (வில் போட்டு வாசிக்கிறது) தனித்தனியா காதுல பிரியற வரைக்கும். 1950-51ல பாக்தாத் யூதர்ல முக்காவாசிக்கு மேல இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க, அதனால அதுக்கப்புறம் நடந்த கதையை ரெண்டு நாட்டுலயும் தேடணும்.

அடுத்து மகாம், அதாவது நம்ம ராகம் மாதிரி அங்கத்த ஸ்வர அமைப்பு. எல்லாத்தையும் ஒரேடியா அள்ளாதீங்க, ஹிஜாஸ், ராஸ்த் ரெண்டு போதும். ஹிஜாஸோட கீழ்ப்பாதி கிட்டத்தட்ட நம்ம மாயாமாளவகௌளை ச ரி க மதான், சட்டுனு பிடிபடும். ராஸ்த்தான் ஆட்டம் காட்டும், அதோட காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவுல நிக்குது, சாதா கீபோர்டுல கிடைக்கவே கிடைக்காது. ஊத் (அரபு தந்தி வாத்தியம்), வயலின் மாதிரி ஃப்ரெட் இல்லாத வாத்தியம் வேணும், இல்லேன்னா பாடியே பழகுங்க.

அப்புறம் ஒரே ஒரு மெட்டைப் பிடிச்சு அது பின்னாடியே போங்க. இஸ்ராயேல் நஜாரானு 16ம் நூற்றாண்டு ரப்பி (யூத மதகுரு) ஒருத்தர், ஊர்ல ஓடிட்டிருந்த துருக்கி, அரபுப் பாட்டு மெட்டுக்கெல்லாம் ஹீப்ருல பக்தி வரி எழுதி, மகாம் வாரியா பிரிச்சு, 1587ல புத்தகமாவே போட்டுட்டார். காதல் பாட்டு மெட்டுல சாமி பாட்டானு அப்பவே மத்த ரப்பிகள் திட்டினாங்க, அந்த சண்டையையும் சேர்த்துப் படிங்க, எல்லாரும் கைகோத்துப் பாடினாங்கனு மட்டும் எழுதினா பாதி கதைதான். எதிர்ப்பக்கமும் உண்டு: தன்பூரி இசாக்ங்கிற யூதர்தான் ஒட்டோமான் சுல்தான் மூணாம் செலிமுக்கு தன்பூர்ங்கிற நீளக் கழுத்து தந்தி வாத்தியம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.

நேர்ல போறவங்களுக்கு ஒண்ணு. சிரியாவைப் பூர்வீகமா கொண்ட யூதர்களோட ஜெபக்கூடத்துல சனிக்கிழமை தொழுகைக்கு அந்த வாரம் படிக்கிற வேதப் பகுதிக்கு ஏத்த மாதிரி மகாம் மாறும், கேக்கவே அருமையா இருக்கும், ஆனா வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி இருட்டுற வரைக்கும் அங்க போன், ரெக்கார்டர், ஏன் பேனாகூட எடுக்கக் கூடாது. காதுல வாங்கிட்டு வந்து ராத்திரி எழுதுங்க. குர்ஆன் ஓதுறதுலயும் பயாத்தி, ராஸ்த் மாதிரி மகாம் எல்லாம் தெளிவா கேக்கும், அதுக்காக ஓதுறவர்கிட்ட போய் உங்க பாட்டு சூப்பர்னு சொல்லிடாதீங்க, அவங்களுக்கு ஓதுறது வேற பாட்டு வேற. மேடையில அதுக்கு ஊத் சேர்த்து வாசிக்கிற ஐடியா இருந்தா இப்பவே விட்டுடுங்க.